குடிவந்த பிறகுதான் வீட்டின் கதை தெரிந்தது: இருப்பதா, கிளம்புவதா?

புதுக்குடித்தனம்

வணக்கம். நான்கு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல்முறை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் வாடகைக்கு ஒரு வீடு மாறினோம். நான், கணவர், ஏழு வயது மகள், மாமியார். தனி வீடு, பழையது. மேலே ஒரே ஒரு அறை. அக்கம்பக்கத்தில் கேட்கும் வாடகையைவிடக் கணிசமாகக் குறைவு. ஏன் என்று கேட்டதற்கு, "நல்ல குடும்பமா வந்தா போதும்" என்றார் உரிமையாளர். பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டோம்.

பத்தாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா சுவரோரம் நின்று, "மேல் ரூமிலயா பிள்ளை படுக்குது?" என்று கேட்டார். ஏன் என்றேன். முதலில் மழுப்பினார், அப்புறம் சொல்லிவிட்டார். மூன்று வருடத்துக்கு முன் இங்கே குடியிருந்த ஆள் அந்த அறையில் வைத்துத் தன் மனைவியைக் கொன்றுவிட்டானாம். அவன் இப்போது சிறையில். அவர்களுக்கு ஒரு பையன். அவனை உறவினர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டு குடும்பங்களும் ஆறு மாதம் தாண்டவில்லை.

இப்போது நடப்பவற்றைச் சொல்கிறேன். இரவு இரண்டு, இரண்டரைக்கு மேலே "தட்... தட்" என்று இரண்டு தடவை சத்தம். எண்ணி இரண்டே தடவை. குளியலறையில் கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் ஆனால் யாரோ பின்னால் நிற்கிற மாதிரி ஒரு பாரம், தலை கனக்கிறது, படபடப்பு. மாமியார் இரண்டு முறை விடியற்காலையில் விழித்தபோது கால்மாட்டில் ஒரு பெண் நின்றதாகவும், நெஞ்சை அமுக்கியதாகவும், கத்த வாய் வரவில்லை என்றும் சொல்கிறார்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். முந்தாநாள் மகளுக்குத் தலை வாரும்போது, "அம்மா, இந்த வீட்டு அண்ணன் என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம்" என்றாள். எந்த அண்ணன் என்றேன். "இங்க இருந்த அண்ணன்" என்றாள். பையன் இருந்த விஷயத்தை நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை. கையில் இருந்த சீப்பு கீழே விழுந்துவிட்டது.

கணவர் எல்லாம் மனப்பிரமை என்கிறார். ஆனால் அவரும் இப்போது மாடிக்குத் தனியாகப் போவதில்லை. என்ன செய்யலாம்?

ஆந்தைக்கண்

உடனே கிளம்புங்கள் சகோதரி. குழந்தைகளுக்குத்தான் முதலில் தெரியும். முன்பணம் போனால் போகட்டும்.

நட்டுபோல்ட்டு

கிளம்புவது இருக்கட்டும். இன்று ராத்திரிக்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். குளியலறையில் வெந்நீர் எப்படி வருகிறது? கேஸ் கீசரா? ஆம் என்றால், பதில் எழுதுவதற்கு முன் அதை அணைத்துவிட்டு வாருங்கள்.

புதுக்குடித்தனம்

கேஸ் கீசர்தான். பழையது, வீட்டோடு வந்தது. அணைத்துவிட்டேன். ஏன்?

நட்டுபோல்ட்டு

கதவு மூடிய சின்ன அறை, ஐந்து நிமிடத்தில் தலை கனம், படபடப்பு. பேயைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் கார்பன் மோனாக்சைடைப் பற்றி யோசிக்க வேண்டும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. வாயு சரியாக எரியாவிட்டாலோ, புகை வெளியே போகும் குழாய் விட்டுப்போயிருந்தாலோ அறைக்குள்ளேயே சேர்ந்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, குமட்டல், குழப்பம், அப்புறம் மயக்கம். வெளியே வந்து நல்ல காற்று பட்டால் தெளிந்துவிடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆள் போன பிறகுதான் தெரியவரும்.

மருத்துவ வரலாற்றில் இதற்குப் பழைய சான்றே இருக்கிறது. 1921-இல் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் அனுபவத்தைக் கண் மருத்துவ இதழில் வெளியிட்டார். 1912-இல் அந்தக் குடும்பம் ஒரு பெரிய பழைய வீட்டுக்குக் குடிபோனது. மேல்தளத்தில் காலடிச் சத்தம், கட்டிலருகே உருவங்கள், யாரோ பின்தொடர்கிற உணர்வு, வெளிறிப்போன குழந்தைகள், ஓயாத தலைவலி. வளர்த்த செடிகள்கூட வாடின. கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, புகைபோக்கி வழியாகப் போக வேண்டிய புகை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது. உலையைச் சரிசெய்ததும் எல்லாம் அடங்கிவிட்டது.

நாளைக்கே ஆள் வைத்துப் பாருங்கள். கூடவே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் வாங்கி மாட்டுங்கள்.

ராத்திரிஷிப்ட்

மாமியாருக்கு நடப்பது எனக்கு ஒன்பது வருடமாக நடக்கிறது. ஊர்ப்பேச்சில் அமுக்குவான் என்போம், மருத்துவத்தில் தூக்க முடக்கம் என்பார்கள். கனவு வரும் கட்டத்தில், கனவில் ஓடுவதை நிஜத்தில் ஓடிவிடாமல் இருக்க மூளை உடம்பைத் தளர்த்திப் போட்டுவிடும். சில சமயம் உடம்பு விடுபடும் முன்பே நாம் விழித்துக்கொள்கிறோம். கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, பாதிக் கனவு அறைக்குள்ளேயே நிற்கும். நெஞ்சில் பாரம், அறையில் ஒரு ஆள். உலகம் முழுக்க இதையேதான் சொல்கிறார்கள்.

சரியாகத் தூங்காதபோதும், மல்லாந்து படுத்தால் இன்னும் கூடுதலாகவும் வரும். புது வீடு, பயம், பாதித் தூக்கம் மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். வந்துவிட்டால் கத்த முயல வேண்டாம். ஒரு விரலை மட்டும் அசைக்கப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அது உதவுகிறது. ஆனால் ஒன்று: விளக்கம் தெரிந்த பிறகும் அந்த நிமிடத்தில் பயமாகத்தான் இருக்கும். எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

கேள்விக்குறி

எல்லோரும் கேட்க மறந்த கேள்வி. பக்கத்து வீட்டு அம்மா பத்தாம் நாள் சொன்னார். அந்த முதல் பத்து நாளில் என்ன நடந்தது? நினைத்துப் பார்த்து நேர்மையாகச் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், 1997-இல் இரண்டு ஆய்வாளர்கள் புழக்கத்தில் இல்லாத ஒரு நாடக அரங்குக்கு 22 பேரைக் கூட்டிப்போனார்கள். பாதிப் பேரிடம் இங்கே அமானுஷ்யம் இருப்பதாகப் பேச்சு என்றார்கள். மீதிப் பேரிடம் கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்றார்கள். இடம் ஒன்றுதான். கதை கேட்டுவிட்டுப் போனவர்களுக்குத்தான் அதிகமாக ஏதேதோ தோன்றியது. சின்ன ஆய்வு, அதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. ஆனாலும் கதை நமக்குள் போன தேதியைக் குறித்துவைப்பது நல்லது.

புதுக்குடித்தனம்

யோசித்துப் பார்த்தேன். குளியலறைத் தலைவலி முதல் வாரமே இருந்தது. பெட்டி தூக்கிய அலுப்பு என்று விட்டுவிட்டேன். பின்னால் யாரோ நிற்பது, கதை கேட்ட பிறகு. மாமியாருக்கு வந்ததும் பிறகுதான். சத்தம் மட்டும் முதல் இரவே கேட்டது, பூனை என்று நினைத்தோம். மகள் சொன்னதை எதில் சேர்ப்பது?

ஆந்தைக்கண்

பார்த்தீர்களா, சத்தம் முதல் இரவே கேட்டிருக்கிறது. அமிட்டிவில் குடும்பமும் இப்படித்தான் முதலில் சாதாரணமாக எடுத்துக்கொண்டது. 28 நாளில் உடுத்திய துணியோடு ஓடினார்கள்.

பழையபேப்பர்

அமிட்டிவில்லை இழுத்துவிட்டீர்களே, அதை முழுசாகச் சொல்லிவிடுவோம். நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டில் இருக்கும் வீடு. 1974 நவம்பர் 13-ஆம் தேதி ரொனால்டு டெஃபியோ என்ற இளைஞன் தன் அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள், இரண்டு தங்கைகள் என ஆறு பேரைச் சுட்டுக் கொன்றான். இதில் சந்தேகமே இல்லை, நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டது. 1975 டிசம்பரில் லட்ஸ் குடும்பம் அந்த வீட்டை 80,000 டாலருக்கு வாங்கிக் குடியேறி, 28 நாளில் வெளியேறியது. 1977-இல் புத்தகம், 1979-இல் படம்.

அதற்குப் பிறகுதான் சுவாரசியம். டெஃபியோவின் வக்கீலே, லட்ஸ் தம்பதியோடு உட்கார்ந்து மது குடித்துக்கொண்டே இந்தக் கதையைச் சேர்ந்து உருவாக்கினோம் என்று சொன்னார். லட்ஸ் தம்பதி கடைசிவரை உண்மை என்றே நின்றார்கள். அவர்களுக்கு அடுத்து அங்கே குடிவந்தவர்களோ, வேடிக்கை பார்க்க வந்து நின்ற கூட்டத்தைத் தவிர வீட்டில் எந்தத் தொல்லையும் இல்லை என்றார்கள். கூட்டத்துக்குப் பயந்து பின்னாளில் கதவு எண்ணையே மாற்றினார்கள். கண் மாதிரி தெரிந்த அந்த மாடி ஜன்னல்களையும் மாற்றிவிட்டார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. அந்த ஆறு பேரின் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா? அந்தப் படத்தில் வரும் ஈ மொய்த்த ஜன்னல் எல்லோருக்கும் தெரியும். செத்துப்போன பிள்ளைகளைத் தெரியாது.

கறுப்புக்கோட்டு

உரிமையாளர் மறைத்தது சரியா என்று யாரும் கேட்கவில்லை. என் தொழில் அது என்பதால் நான் கேட்கிறேன்.

இது ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு மாறும். கலிஃபோர்னியாவில் கடந்த மூன்று ஆண்டுக்குள் வீட்டில் மரணம் நடந்திருந்தால் வாங்குபவரிடமோ வாடகைக்கு வருபவரிடமோ சொல்ல வேண்டும். அதற்கு முந்தையது என்றால் தானாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. ஜப்பானில் இப்படிப்பட்ட வீட்டுக்குத் தனிப் பெயரே உண்டு, 'ஜிகோ புக்கென்'. 2021-இல் அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது: வயதாகி இயல்பாக இறந்திருந்தால் சொல்ல வேண்டாம். கொலை, தற்கொலை என்றால் வாடகைக்கு விடும்போது சுமார் மூன்று ஆண்டு வரை சொல்ல வேண்டும். அங்கேயும் கேட்டால் மறைக்கக் கூடாது.

வக்கீல்களுக்குப் பிடித்த வழக்கு ஒன்று உண்டு. 1991, நியூயார்க், ஸ்டாம்போவ்ஸ்கி எதிர் ஆக்லி. வீட்டை விற்ற பெண்மணி முன்பே பத்திரிகையில் தன் வீட்டில் பேய் உலவுவதாகச் சொல்லி ஊரெல்லாம் பிரபலப்படுத்தியிருந்தார். வாங்க வந்தவர் வெளியூர்க்காரர், அவருக்கு மட்டும் தெரியாது. தெரிந்ததும் வழக்குப் போட்டார். 'நீங்களே ஊருக்குச் சொல்லிவிட்டு இப்போது இல்லை என்று மறுக்க முடியாது, எனவே சட்டத்தைப் பொறுத்தவரை இது பேய் வீடுதான்' என்று தீர்ப்பு வந்தது. ஒப்பந்தத்திலிருந்து அவர் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். பேய் உண்டா இல்லையா என்பதற்குள் நீதிமன்றம் போகவேயில்லை. வீட்டின் மதிப்பு பேச்சால் குறைந்தது, அந்தப் பேச்சைக் கிளப்பியதே விற்றவர், அவ்வளவுதான்.

உங்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். வீட்டில் என்ன நடந்தது என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

மெழுகுவர்த்தி

எல்லாவற்றுக்கும் குழாய், புகை, நரம்பு என்று விளக்கம் வந்துவிட்டது. நான் நம்புகிற கட்சி, கொஞ்சம் இடம் கொடுங்கள்.

என் அப்பா போன பிறகு ஒரு வருடம் அவர் அறையில் மட்டும் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். எனக்குப் பயமே வரவில்லை. அப்பாதானே. அடுத்தவர் வீட்டுச் சாவு என்றால் மட்டும் நமக்கு அது பேயாகிவிடுகிறது. இந்த இழையில் இதுவரை அந்தப் பெண்ணை யாருமே ஒரு மனுஷியாகப் பேசவில்லை. அவள் அந்த வீட்டில் செத்தாள், சரி. அதற்கு முன்னால் எத்தனை வருடம் வாழ்ந்திருப்பாள்?

கேள்விக்குறி

@மெழுகுவர்த்தி, உங்களோடு எப்போதும் சண்டைதான், இதில் இல்லை. உலகின் மிகப் பழைய பேய் வீட்டுக் கதைகளில் ஒன்றிலும் இதுதான் வருகிறது. ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி ஒரு கடிதத்தில் எழுதியது, கிட்டத்தட்ட 1900 வருடம் ஆகிறது. ஏதென்ஸில் சங்கிலிச் சத்தம் கேட்கும் ஒரு வீடு, யாரும் குடிவராததால் வாடகை அடிமாட்டு விலை. (அன்றைக்கும் அப்படித்தான்!) அதெனொடோரஸ் என்ற தத்துவவாதி வாடகை ஏன் இவ்வளவு குறைவு என்று விசாரித்தார். காரணம் தெரிந்த பிறகும் வீட்டை எடுத்தார். ராத்திரி எழுத உட்கார்ந்தார். உருவம் வந்து சங்கிலியை ஆட்டிக் கூப்பிட்டது. 'கொஞ்சம் இரு' என்று கையைக் காட்டிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தாராம். அப்புறம் எழுந்து அதன் பின்னால் போனார். முற்றத்தில் ஓரிடத்தில் மறைந்தது. மறுநாள் தோண்டினால் சங்கிலியோடு எலும்புகள். முறைப்படி அடக்கம் செய்தார்கள், அதற்குப் பிறகு தொல்லை இல்லை.

நடந்ததா என்று கேட்காதீர்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஓடாமல் 'என்ன வேண்டும்' என்று போய்ப் பார்த்த ஆள் அவர் ஒருவர்தான்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் யார், எப்படி இருப்பான், என்ன பேசினான் என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் நாம் கேட்கக் கேட்கக் கதையை வளர்ப்பார்கள். 'உயரம் உனக்கு எப்படித் தெரியும்?' என்று மட்டும், வேறு வேலை செய்துகொண்டே கேளுங்கள்.

நிழல்முகம்

ஏழு வயசுப் பிள்ளை சொல்றதை வெச்சு இவ்வளவு பெரிய இழையா. ஜனங்களுக்கு வேலை இல்லை.

மட்டுறுத்துநர்

@நிழல்முகம், பிடிக்காவிட்டால் கடந்து போகலாம். @ஆந்தைக்கண், நீங்கள் ஒட்டிய மூன்று காணொளிகளை நீக்கியிருக்கிறேன். உண்மையான வீட்டு முகவரி எதையும் இங்கே கேட்கவோ சொல்லவோ வேண்டாம்.

புதுக்குடித்தனம்

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

முதலில் கீசர். பழுது பார்க்க வந்தவர் மூடியைக் கழற்றியதுமே தலையில் அடித்துக்கொண்டார். புகைக்குழாய் மேலே சுவரோடு சேர வேண்டிய இடத்தில் இரண்டு விரல் விலகி நின்றது. ஓட்டைக்கு நேரே யாரோ பழைய துணியைத் திணித்து வைத்திருந்தார்கள், குருவி வராமல் இருக்கவோ என்னவோ. "இதுல குளிச்சிட்டு நடமாடுறீங்களா?" என்றார். கழற்றி எடுத்துப் போய்விட்டார். இப்போது அடுப்பில் தண்ணீர் வைத்துக் குளிக்கிறோம். தலைவலி இல்லை, பின்னால் யாரும் நிற்பதும் இல்லை. @நட்டுபோல்ட்டு, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மகளை வாரம் இரண்டு முறை அங்கேதான் தலைக்குக் குளிக்க வைத்தேன்.

மாமியார் ஒருக்களித்துப் படுக்கிறார். ஒருமுறை வந்ததாம், விரலை அசைத்தாராம், விட்டுவிட்டதாம். "ஆனா நின்னது நிஜம்" என்கிறார். நான் வாதம் செய்யவில்லை.

அடுத்தது மகள். துணி மடித்துக்கொண்டே கேட்டேன். "எழுதியிருக்கே" என்றாள். எங்கே? கையைப் பிடித்து மேல் அறைக்குக் கூட்டிப்போனாள். கதவை முழுசாகத் திறந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், கதவு நிலையின் அந்தப் பக்கத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. அவள் ஒளிந்து விளையாடும் இடம்.

பென்சில் கோடுகள். கீழிருந்து மேலே ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி, சின்னச் சின்ன உருண்டைக் கையெழுத்தில். கடைசிக் கோடு என் மகள் தலைக்கு நான்கு விரல் மேலே. அதற்குமேல் வெறும் மரம்.

அதில் ஒரு கோட்டை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதியிருந்தது: "குதிகாலைத் தூக்கினான். செல்லாது."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளாக நான் பயந்துகொண்டிருந்த பெண்ணின் கையெழுத்து அது.

மெழுகுவர்த்தி

இதற்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியவில்லை. பத்து நிமிடமாகத் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழையபேப்பர்

"செல்லாது." கடவுளே.

ஆந்தைக்கண்

நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கிளம்பச் சொன்னதை இல்லை, 'குழந்தைகளுக்குத்தான் தெரியும்' என்று பயமுறுத்தியதை. இரவில் தூங்க முடிகிறதா உங்களுக்கு?

கறுப்புக்கோட்டு

உரிமையாளர் என்ன சொன்னார்?

புதுக்குடித்தனம்

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். வாடகை ஏன் குறைவு என்று நான் கேட்டதை நினைவூட்டினேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுதிக் கொடுத்திருக்கிறார். புது கீசர் அவர் செலவு. வருடம் முடியும்வரை இருப்போம், பிறகு பார்க்கலாம் என்று கணவரும் நானும் பேசியிருக்கிறோம். மேல் அறையில் மகள் படுப்பதில்லை, எங்களோடுதான். அதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வண்ணம் அடித்துத் தருவதாகவும் சொன்னார். அந்த நிலையைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு யோசனை கேட்கிறேன்: அதைப் படமெடுத்து, உரிமையாளர் மூலம் அந்தப் பையனின் உறவினரிடம் சேர்க்கலாமா?

ராத்திரிஷிப்ட்

அனுப்பிவிடாதீர்கள். முதலில் இப்படி ஒன்று இருக்கிறது என்று மட்டும் பெரியவர்களிடம் சொல்லுங்கள். வேண்டுமா, எப்போது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அவனுக்கு அந்த அறையில் இருப்பது அம்மாவின் கையெழுத்து மட்டும் இல்லையே.

மெழுகுவர்த்தி

ஆமாம். ஆனால் படம் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். பதினெட்டு வயதில் கேட்டாலும் கேட்பான்.

புதுக்குடித்தனம்

சரி, அப்படியே செய்கிறேன். எடுத்துவிட்டேன், மூன்று இடத்தில் சேமித்திருக்கிறேன்.

நட்டுபோல்ட்டு

அலாரம் மாட்டினீர்களா? அப்புறம், அந்த இரண்டு மணிச் சத்தம் என்ன ஆனது? பழைய வீட்டில் ராத்திரி மரமும் தகரமும் குளிர்ந்து சுருங்கும்போது தட்டுவது போலக் கேட்கும். யாராவது குழாயைச் சட்டென்று மூடினாலும் தண்ணீர் மோதி அப்படி அடிக்கும். மேலே தண்ணீர்க் குழாய் எந்தச் சுவரில் போகிறது என்று பாருங்கள்.

புதுக்குடித்தனம்

அலாரம் மாட்டியாச்சு. குழாய் அந்தப் பக்கமே போகவில்லை, கணவர் பார்த்துவிட்டார். கூரை தகரமும் இல்லை. மரம் சுருங்குகிறதோ என்னவோ.

சத்தம் இன்னும் கேட்கிறது. நேற்று 2:40-க்கு, வழக்கம்போல இரண்டு தடவை. மாமியார் படுத்தபடியே மேலே பார்த்து, "இன்னும் தூங்கலையாம்மா" என்று கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்.